ஏப்ரல் மாதக் கரண்ட் பில்: லண்டன் கடையொன்றின் நிகழ்வு ஆய்வு

லண்டனின் வடமேற்குப் புறநகரில் ஒரு தமிழ்க் குடும்பம் நடத்தும் கடையில் 2022 ஆகஸ்ட் தொடக்கம் 2025 ஆரம்பம் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் கடையின் கணக்கைப் பார்ப்பவன் நான். உரிமையாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் தவிர்த்து, கடையின் தொகைகளைக் கிட்டத்தட்டச் சமப்படுத்தியிருக்கிறேன். இதில் என் பிழையும் ஒன்று உண்டு.

பின்னணி

கணவனும் மனைவியும் பதினான்கு வருடமாக நடத்தும் கடை. முன்பக்கம் பால், பாண், பியர், சிகரெட். பின்பக்கம் சம்பா அரிசி, மாசிக் கருவாடு, உறைந்த மீன், பரோட்டா. காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பதினொன்றுக்குப் பூட்டுவார்கள். குடியிருப்பு மேல்மாடியில்.

இப்படியான கடையில் மின்சாரம் என்றால் குளிரூட்டிதான். கதவில்லாத சில்லர் மூன்று, ஐஸ்கிரீம் பெட்டி இரண்டு, நிமிர்ந்த ஃப்ரீசர் ஒன்று, பின்னறையில் பழைய படுக்கை ஃப்ரீசர் ஒன்று, குளிர்பான நிறுவனம் ‘இலவசமாக’ வைத்துவிட்டுப் போன கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று. மாதம் ஏறத்தாழ 5,000 யூனிட் ஓடும். 2020இல் போட்ட ஒப்பந்தத்தில் யூனிட் 15.2 பென்ஸ், பில் 760 பவுண் அளவில் நிற்கும். வாட் வரி, வியாபார மின்சாரத்தின் மேல் அரசாங்கம் வாங்கும் காலநிலை லெவி, நாள் கட்டணம் மூன்றையும் சேர்க்காத தொகை இது. கீழே வரும் தொகைகளும், வேறாகச் சொன்னால் ஒழிய, அப்படியே.

அந்த ஒப்பந்தம் 2022 செப்டம்பர் 30இல் முடிய இருந்தது.

2022 ஆகஸ்ட்: ஒரு தொலைபேசி அழைப்பு

ஐரோப்பாவில் எரிவாயு விலை உச்சிக்கு ஏறிய வாரம் அது. ஆகஸ்ட் 26ஆம் திகதி எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் வீடுகளுக்கான விலை வரம்பை வருடத்துக்கு 3,549 பவுண் என்று அறிவித்தது. வீடுகளுக்காவது வரம்பு என்று ஒன்று இருந்தது. கடைகளுக்கு அதுவும் இல்லை. சந்தையில் என்ன விலையோ அதுதான்.

அந்த வாரத்தில், மின் ஒப்பந்தங்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு புரோக்கர் கடைக்குப் போன் எடுத்தார். கல்லாவில் நின்றபடியே உரிமையாளர் பேசினார். முன்னால் ஆட்கள் வரிசையில். நாளைக்கு இந்த விலையும் இருக்காது, ஒப்பந்தம் முடிந்தபின் இதைவிடக் கூடிய விலையில் போட்டுவிடுவார்கள் என்றார் புரோக்கர். யூனிட் 76 பென்ஸ், இரண்டு வருடம். உரிமையாளர் ‘யெஸ், யெஸ்’ என்றார். வியாபார மின் இணைப்புக்கு வாய்மொழிச் சம்மதமே ஒப்பந்தம். மனம் மாறினால் திரும்பிப் போகக் கால அவகாசமும் கிடையாது. எழுத்தில் வந்த உறுதிக் கடிதம் மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியில் கிடந்தது. அதை எட்டு மாதம் கழித்து நான்தான் தேடி எடுத்தேன்.

அவரை நான் குறை சொல்லவில்லை. அன்றைய செய்திகளைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்பார்கள்.

2022 செப்டம்பர் 21: அரசாங்கத்தின் அறிவிப்பு

நான்கு வாரம்கூட ஆகவில்லை. வியாபாரங்களுக்கான ‘எனர்ஜி பில் ரிலீஃப் ஸ்கீம்’ அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 1 தொடக்கம் 2023 மார்ச் 31 வரை, ஆறு மாதம். கடைகள் மட்டுமல்ல, பள்ளிக்கூடங்கள், தொண்டு நிறுவனங்கள், கோயில்களுக்கும் உண்டு. மொத்தவிலை மின்சாரத்துக்கு மெகாவாட் மணிக்கு (ஆயிரம் யூனிட்டுக்கு) 211 பவுண் என்று ஓர் அளவு வைத்து, அதற்கு மேற்பட்டதை அரசாங்கம் ஏற்கும். விண்ணப்பம் தேவையில்லை, மின் நிறுவனமே பில்லில் கழித்துவிடும்.

இந்த 211 பவுண்தான் முதல் குழப்பம். யூனிட்டுக்கு மாற்றினால் 21.1 பென்ஸ். இனிக் கடைக்கு யூனிட் 21 பென்ஸ்தான் என்று பலர் நம்பினார்கள். அது மொத்தவிலைப் பங்கு மட்டும். மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிச் செலவு, லெவிகள், நிறுவனத்தின் இலாபம், புரோக்கரின் பங்கு எல்லாம் அதற்கு மேலே ஏறும்.

இரண்டாவது குழப்பம் ஆழமானது. நிலையான விலை ஒப்பந்தக்காரருக்குத் தள்ளுபடி எவ்வளவு என்பதை, அவர் கட்டும் விலையைப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. ஒப்பந்தம் போட்ட நாளில் மொத்தச் சந்தை விலை என்னவாக இருந்ததோ, அதற்கும் 211க்கும் உள்ள வித்தியாசமே தள்ளுபடி. 2021 டிசம்பர் 1க்கு முன் போட்டவர்களுக்கு எதுவும் இல்லை. ஒரே தெருவில், ஒரே அளவு கடை இரண்டு இருந்தாலும், கையெழுத்துத் திகதியால் தள்ளுபடி மாறும்.

நம் கடைக்காரர் ஆகஸ்ட் உச்சியில் மாட்டியதால், யூனிட்டுக்கு 38 பென்ஸ் அளவில் தள்ளுபடி வந்தது. ஆகக் கெட்ட நாளில் ஒப்பந்தம் போட்டவருக்கு ஆகப் பெரிய உதவி. ஆறு மாதத்துக்கு.

மூன்றாவது குழப்பம் மேல்மாடி. வீட்டுக்கு வேறு மீற்றர். அந்த வீட்டுக் கணக்கில் அக்டோபரிலும் நவம்பரிலும் 66 பவுண், பிறகு மாதம் 67 பவுண் என மொத்தம் 400 பவுண் வந்து விழுந்தது. அது வீடுகளுக்கான வேறு திட்டம். கடைக்காரர் அதைக் கடைக்கான உதவி என்று நினைத்து, ‘மாதம் 66 பவுண் தந்து என்னத்துக்கு?’ என்று என்னிடம் சலித்துக்கொண்டார். அதே மாதங்களில், ‘உதவிக்கு விண்ணப்பிக்க இங்கே அழுத்தவும்’ என்று குறுஞ்செய்திகளும் வந்தன. உரிமையாளரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஒருமுறை வங்கி விவரம் வரை போய், மகள் கண்டதால் நிறுத்தினார்.

குளிர்காலம்: பில்லில் தெரிந்ததும் தெரியாததும்

அக்டோபர் பில் நவம்பரில் வந்தது. 3,800 பவுண் என்று மேலே. கீழே கழிவு 1,900. கட்ட வேண்டியது 1,900. முன்பிருந்ததைவிட இரண்டரை மடங்கு. ஆனாலும் எதிர்பார்த்ததில் பாதி. அதனால் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் பின்னால் செலவு வைத்தது.

“தம்பி, கவர்ன்மென்ட் பாதிக் காசு கட்டுது எண்டு பில்லிலயே கிடக்குது. பிறகென்ன பயம்?” என்றார் உரிமையாளர்.

ஜனவரி தொடக்கத்தில், வாரத்துக்கு 16 மணி நேரத்துக்கு ஒரு மாணவரை வேலைக்கு எடுத்தார். அக்காவின் முழங்கால் வலிக்கு அது அவசியம்தான். சில்லரில் கை வைக்கவில்லை. விலைகளையும் கூட்டவில்லை. கூட்டுவதற்கும் இடம் குறைவு: இத்தகைய கடைகளில் விற்கும் பிஸ்கட், பானம், பால் பலவற்றில் நிறுவனமே விலையை அச்சடித்து அனுப்புகிறது. ஒரு பவுண் என்று பொதியில் இருந்தால் ஒரு பவுண்தான். கூட்டலாம் என்றால் அரிசி, மீன், கருவாடு போன்ற நம் சாமான்களில் மட்டும்.

ஜனவரி 9ஆம் திகதி அடுத்த திட்டம் அறிவிக்கப்பட்டது: ‘எனர்ஜி பில்ஸ் டிஸ்கவுண்ட் ஸ்கீம்’, 2023 ஏப்ரல் 1 தொடக்கம் 2024 மார்ச் 31 வரை. தலைப்புச் செய்திகள் உதவி ஒரு வருடத்துக்கு நீள்கிறது என்றன. உள்ளே இருந்தது வேறு. அளவுகோல் 211இலிருந்து 302 பவுணுக்கு ஏறியது. அதற்கு மேலேயும் முழு வித்தியாசம் இல்லை; மெகாவாட் மணிக்கு ஆகக் கூடியது 19.61 பவுண். யூனிட்டுக்கு 1.96 பென்ஸ். மின்சாரத்தை மிக அதிகம் உண்ணும் குறிப்பிட்ட தொழிற்சாலை வகைகளுக்குப் பெரிய தள்ளுபடி தனியாக இருந்தது. சில்லறைக் கடைகள் அந்தப் பட்டியலில் இல்லை.

இங்கேதான் என் பிழை. அறிவிப்பை வாசித்தேன், எண்களும் தெரியும். என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், ‘ஏப்ரல் முதல் உதவி குறைகிறது, கவனிக்கவும்’ என்று. இந்தக் கடையின் யூனிட்டை எடுத்து ஒரு பெருக்கல் போட்டு, ‘அண்ணை, உங்கள் பில் 1,900இலிருந்து 3,700க்குப் போகும்’ என்று சொல்லவில்லை. அவர் ‘ஒரு வருடம் நீள்கிறது’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஐந்து நிமிடப் பெருக்கல் அது. ஜனவரியில் அதைச் செய்திருந்தால், மே மாதத்தில் தொடங்கிய வேலைகள் நான்கு மாதம் முன்பே தொடங்கியிருக்கும்.

2023 ஏப்ரல்: ஒரே நாளில் இரண்டு

ஏப்ரல் 1ஆம் திகதி பழைய தள்ளுபடி நின்றது. அதே நாளில், 23 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9.50இலிருந்து 10.42 பவுண் ஆனது.

மே முதல் வாரத்தில் ஏப்ரல் பில் வந்தது. யூனிட் 74 பென்ஸ், 5,000 யூனிட், 3,702 பவுண். லெவியும் 20 சதவீத வாட்டும் ஏற 4,489. நாள் கட்டணம் வேறு. வாட் பின்னர் திரும்ப வரும் என்றாலும் முதலில் வங்கியிலிருந்து போவது முழுத் தொகை. வங்கியிலிருந்து தானாகப் போகும் கட்டணம், டைரக்ட் டெபிட், பணம் போதாமல் திரும்பிவிட்டது. அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

கடையின் சராசரி இலாபம் விற்பனையில் ஐந்தில் ஒன்று. மாதம் கூடுதலாக வந்த 1,800 பவுணைச் சம்பாதிக்க, இன்னும் 9,000 பவுணுக்கு விற்க வேண்டும். அந்தத் தெருவில் அது நடக்காது.

அதைவிடக் கசந்தது மற்றொன்று. சந்தை விலை டிசம்பருக்குப் பிறகு இறங்கிவிட்டது. புதிதாக ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு யூனிட் 30 பென்ஸ் சுற்றிக் கிடைத்தது. பக்கத்துச் சலூன்காரருக்கு அப்படித்தான் கிடைத்தது. இவருக்கு 2024 செப்டம்பர் வரை 76.

மே மாதம்: ஓரிரவு மீற்றர் வாசிப்பு

முதலில் எடுத்த முடிவு: யாரிடமும் சண்டை பிடிப்பதற்கு முன், மின்சாரம் எங்கே போகிறது என்று பார்ப்பது. விலையை மாற்ற வேறொருவர் சம்மதிக்க வேண்டும். யூனிட்டைக் குறைக்க யாரும் சம்மதிக்க வேண்டியதில்லை.

ஒரு செவ்வாய் இரவு பதினொரு மணிக்கு ஷட்டரை இறக்கி, விளக்குகளை அணைத்துவிட்டு மீற்றரைக் குறித்தோம். காலை ஆறு மணிக்குத் திறக்கும் முன் மீண்டும் குறித்தோம். ஆளில்லாத ஏழு மணி நேரத்தில் 41 யூனிட். நாள் முழுவதற்குமே 165 யூனிட்தான். அதாவது நாளின் செலவில் பெரும்பங்கு, கடை திறந்தாலும் பூட்டினாலும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது.

குளிர்பான நிறுவனத்தின் ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தோம். பின்புறத்துக் கம்பிச் சுருளில் தூசி சாம்பல் நிறக் கம்பளித் துணி போல ஒட்டியிருந்தது. கையால் உரித்தால் ஒரே தகடாக வந்தது. மூன்று சில்லர்களின் கீழேயும் அதே நிலை. பின்னறைப் படுக்கை ஃப்ரீசரின் மூடியைத் தூக்கினால், அடியில் இரண்டு பொதி மரவள்ளிக்கிழங்கும் யாரோ ஒரு வாடிக்கையாளர் கேட்டு வாங்காமல் விட்ட இறாலும். அந்த இறாலுக்காக அது ஒரு வருடமாக ஓடியிருக்கிறது.

அடுத்த இரண்டு மாதத்தில் செய்தவை: படுக்கை ஃப்ரீசரைக் கழற்றியது, பான நிறுவனத்தை அழைத்து அவர்களுடைய ஃபிரிட்ஜைத் திருப்பி எடுக்கச் சொன்னது (ஃபிரிட்ஜ் இலவசம், கரண்ட் நம்முடையது என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை), இரண்டு சில்லர்களுக்குக் கண்ணாடிக் கதவு போட்டது, 1,900 பவுண், மூன்றாவதற்கு இரவுத் திரை, சுருள்களைத் துப்புரவாக்கியது.

கதவு போடுவதற்கு அவர் கடைசிவரை மறுத்தார். கதவைத் திறந்து பியர் எடுக்கச் சனம் பஞ்சிப்படும் என்பது அவர் வாதம். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளும் அதே பயத்தில்தான் நீண்ட காலம் திறந்த சில்லர்களை வைத்திருந்தன. விற்பனையில் வித்தியாசம் தெரியவில்லை. ஜூலையில் மாத யூனிட் 4,100க்கு இறங்கியது. 74 பென்ஸ் விலையில் மாதம் 666 பவுண் மிச்சம். கதவுச் செலவு சில மாதங்களிலேயே திரும்பியது.

முறைப்பாடு

அதே நேரத்தில் மின் நிறுவனத்துக்கு எழுதி, ஆகஸ்ட் அழைப்பின் ஒலிப்பதிவையும் புரோக்கரின் பங்கு எவ்வளவு என்பதையும் கேட்டோம். பத்துப் பேருக்குக் குறைந்த பணியாளர், வருடம் ஒரு லட்சம் யூனிட்டுக்குக் குறைந்த பாவனை. ஆகவே கடை ‘மைக்ரோ பிசினஸ்’ வகைக்குள் வரும், எரிசக்திக் குறைகேள் அதிகாரியிடம் போகும் உரிமையும் உண்டு.

பதில் வந்தது. பங்கு யூனிட்டுக்கு 3 பென்ஸ். மாதம் 5,000 யூனிட் என்று இரண்டு வருடத்துக்கு 3,600 பவுண். மைக்ரோ பிசினஸ் ஒப்பந்தங்களில் இதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற ஒஃப்ஜெம் விதி 2022 அக்டோபர் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. இவர் சம்மதித்தது அதற்கு ஐந்து வாரம் முன்.

ஒலிப்பதிவை என் அலுவலகத்தில் கேட்டோம். பதினொரு நிமிடம். விலை, காலம், திரும்பிப் போக முடியாது என்பது, எல்லாமே வாசிக்கப்பட்டிருக்கிறது, மூச்சு விடாத வேகத்தில். இடையில் கல்லா திறக்கும் சத்தம், யாருக்கோ “தர்ட்டி பென்ஸ் சேஞ்ச்” என்ற இவர் குரல். பிறகு ‘யெஸ், யெஸ்’. அண்ணை தலை குனிந்து கேட்டுவிட்டு, “இது நான்தான்” என்றார்.

அதோடு முறைப்பாட்டை விட்டோம். ஒலிப்பதிவு இருக்கும்போது மேலே கொண்டுபோய்ப் பயனில்லை என்பது என் கணிப்பு. புரோக்கரின் 3 பென்ஸும் இந்தச் சிக்கலின் காரணமல்ல; 76இல் அது சின்னத் துண்டு.

பிசினஸ் ரேட்ஸ்: கவனிக்காமல் இருந்த பக்கம்

முறைப்பாட்டுக்காகக் கடிதங்களைத் தேடும்போது 2023–24க்கான பிசினஸ் ரேட்ஸ் பில், அதாவது கடைக் கட்டடத்துக்குக் கவுன்சில் வாங்கும் வரி, கண்ணில் பட்டது. வரிக்கான மதிப்பீடு 18,000 பவுண், பவுணுக்கு 49.9 பென்ஸ் வீதம் 8,982 பவுண், முழுத்தொகை. அந்த வருடம் இங்கிலாந்தில் சில்லறைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் 75 சதவீதக் கழிவு இருந்தது. முந்திய வருடத்தின் 50 சதவீதம் தானாக வந்திருந்தது. இம்முறை கவுன்சில் அனுப்பிய உறுதிப் படிவத்தை யாரும் நிரப்பவில்லை. நிரப்பி அனுப்பியதும் பில் 2,245 ஆனது. மிச்சம் 6,736 பவுண்.

மின்சார உதவி என்ற பெயரில் அந்த வருடம் முழுவதும் இந்தக் கடைக்கு வந்தது ஏறத்தாழ ஆயிரம் பவுண்தான். எரிசக்தி என்ற சொல்லே இல்லாத ஒரு படிவம் அதைப்போல ஆறு, ஏழு மடங்கு கொடுத்தது.

2023 ஜூலை: கலந்து நீட்டும் ஒப்பந்தம்

உச்ச விலையில் மாட்டிய சிறு வியாபாரங்களைப் பற்றிச் சிறு வியாபாரச் சங்கங்கள் தொடர்ந்து குரல் எழுப்பியதால், சில மின் நிறுவனங்கள் ‘பிளெண்ட் அண்ட் எக்ஸ்டெண்ட்’ வசதியைத் தந்தன. மிச்சமிருக்கும் பழைய விலையையும் இன்றைய விலையையும் கலந்து ஒரு சராசரி. அதற்குப் பதிலாக ஒப்பந்தக் காலம் நீளும். இவருக்குக் கிடைத்தது: ஆகஸ்ட் 1 முதல் 36 மாதம், யூனிட் 49 பென்ஸ்.

இது தள்ளுபடி அல்ல, கடன். மிச்ச 14 மாதத்தை 76இல் கட்டி, பிறகு 22 மாதம் அன்றைய சந்தை விலையான 31இல் போட்டால் மொத்தம் 71,586 பவுண். 36 மாதமும் 49இல் என்றால் 72,324. (1.96 பென்ஸ் தள்ளுபடியை இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை.) எழுநூறு சொச்சம் கூடுதல், சந்தை இன்னும் இறங்கினால் நட்டம் பெருகும் என்பதும் தெரியும். மறுபக்கத்தில், உடனடியாக மாதம் 1,107 பவுண் மூச்சு.

மூன்று நாள் யோசித்தார்கள். வங்கி ஓவர்டிராஃப்ட் எல்லையில் நின்றது. மொத்த வியாபாரி கடன் சரக்கை நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தார். “மூண்டு வருசத்துக்குப் பிறகு வாற நட்டத்தை மூண்டு வருசத்துக்குப் பிறகு பாப்பம். இந்த நத்தாருக்குக் கடை திறந்திருக்க வேணும்,” என்றார் அக்கா. கையெழுத்திட்டார்கள், இம்முறை தாளில்.

பின்விளைவு

கடை திறந்திருக்கிறது. மாணவர் வேலையில் தொடர்கிறார். அக்கா காலை நேரங்களில் கடைக்கு இறங்குவதில்லை. பில் 2,000 பவுண் சுற்றி நிற்கிறது. ஓவர்டிராஃப்ட் 2024 கோடையில் அடைபட்டது.

2024 இலையுதிர் காலத்தில், பழைய ஒப்பந்தத்தோடு இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று விலை கேட்டுப் பார்த்தேன். 26 பென்ஸ். அந்தக் கணக்கில் கலந்து நீட்டியதன் விலை 5,200 பவுண் அளவு. அதை அவரிடம் சொன்னேன். ‘சொல்லாமல் விட்டிருக்கலாம் தம்பி’ என்றார், சிரித்தபடிதான். 2025 ஆரம்பத்தில் இதை எழுதும்போது ஒப்பந்தத்துக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

இனி என்ன மாற்றுவேன்

அரசாங்கம் உதவி அறிவித்தால், வாடிக்கையாளர்களுக்குப் பொது மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். கடைசிப் பில்லை எடுத்து, உதவி உள்ள மாதத்துக்கும் உதவி நின்ற மறுமாதத்துக்கும் இரண்டு தொகை எழுதி, அதை மட்டும் அனுப்புகிறேன். 2022 நவம்பரில் இந்தக் கடைக்கு அப்படி அனுப்பியிருந்தால் 1,900 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 3,800 இருந்திருக்கும்.

கலந்து நீட்டும்போது 36 மாதத்துக்குப் பதிலாக 24 மாதம் கேட்டிருக்க வேண்டும். யூனிட் விலை கொஞ்சம் ஏறியிருக்கும். ஆனால் 2025 ஜூலையில் வெளியே வந்திருப்பார். அன்றைக்குப் பணத்தின் நெருக்கடியில் நான் அதை மேசையில் வைக்கவே இல்லை.

புரோக்கர்கள் இன்னும் அழைக்கிறார்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று. கல்லாவுக்கு மேலே அக்கா ஒட்டிவைத்திருக்கும் சிறு தாளில், பால்காரர் எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கிறது: ‘கரண்ட் – 2026 ஜூலை 31. போனில் யெஸ் சொல்லக் கூடாது.’